மலைக்கு நாள் குறிக்காதீர்கள்: பனிக்காலச் சுவிட்சர்லாந்தில் எட்டு நாள் ரயில் பயணம்

பனிக்காலத்தில் முதல்முறை சுவிட்சர்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். எந்தத் தேதியில் எந்த மலை என்று வீட்டில் உட்கார்ந்தே எழுதி, டிக்கெட்டையும் வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையமான யுங்ஃப்ராவ்யோக்கில் இறங்கி, கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவரைத் தவிர வேறெதையும் காணாமல் இரண்டு மணி நேரம் நின்றேன். மறுநாள் அதே மலை நீல வானத்தில் தெளிந்து நின்றது. அப்போது நான் வேறு ஊருக்குப் போகும் வண்டியில் இருந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஊர்களுக்கு நாள் குறிக்கிறேன், மலைகளுக்குக் குறிக்கவில்லை. ஏரிக்கரை ஊரான லூசர்னில் இரண்டு இரவு, மலைச் சிற்றூரான வெங்கனில் மூன்று, ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரோவில் இரண்டு. மொத்தம் ஏழு இரவு, எட்டு நாள். எந்த நாளில் மேலே ஏறுவது என்பதை அன்று காலையில் வானம் சொல்லும்.

முதலில் மூடுபனியைப் புரிந்துகொள்ளுங்கள்

குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்குகளிலும் ஏரிகளின் மேலும் படிந்துவிடும். அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். இடையில் சிக்கிய ஈரம் சாம்பல் நிற மேகப் போர்வையாகி, நாள்கணக்கில் நகராமல் கிடக்கும். லூசர்னில் நின்று பார்த்தால் ஊரே மங்கிக் கிடக்கும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது என்று விடுதியிலேயே இருந்துவிடத் தோன்றும். அந்த நாளில்தான் மேலே போக வேண்டும். போர்வையின் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டால் வெயில் கண்ணைக் கூசும். கீழே மேகம் கடலாக விரிந்திருக்கும், சிகரங்கள் அதில் தீவுகளாக நிற்கும்.

ஆனால் மேகம் மலைக்கு மேலேயும் இருக்கிறதா, கீழே மட்டுமா என்பது தரையிலிருந்து தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. ஏறக்குறைய எல்லா மலை ரயில்களும் உச்சியில் கேமரா வைத்து, காட்சியை நேரலையாகத் தங்கள் இணையதளத்தில் காட்டுகின்றன. பல விடுதிகளின் தொலைக்காட்சியிலும் காலையில் இந்தக் காட்சிகள் ஒவ்வொன்றாக ஓடும். பல் துலக்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். உச்சியில் வெயில் தெரிந்தால் கிளம்புங்கள். வெள்ளையாக இருந்தால் அன்று ஏரிக்கரை, அருங்காட்சியகம், கோட்டை.

இப்படிக் காலையில் முடிவெடுப்பது அந்த நாட்டில் சாத்தியமாவதற்குக் காரணம் அவர்களுடைய கால அட்டவணை. 1982 முதல் நாடு முழுவதும் ரயில்கள் சீரான இடைவெளியில் ஓடுகின்றன. ஓர் ஊருக்கு 9.05க்கு வண்டி என்றால் 10.05க்கும், 11.05க்கும் உண்டு, முக்கியத் தடங்களில் அரைமணிக்கு ஒன்று. சாதாரண ரயில்களில் முன்பதிவே தேவையில்லை. ஒரு வண்டி போனால் அடுத்தது வரும் என்ற நம்பிக்கையோடு நாளைத் திறந்து வைத்திருக்கலாம்.

எப்போது போவது

என் தேர்வு ஜனவரி பிற்பகுதி, அல்லது மார்ச் தொடக்கம். நவம்பரைத் தவிருங்கள், பல ரோப் கார்களும் மலை ரயில்களும் பராமரிப்புக்காக நிற்கும் மாதம் அது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விடுதிக் கட்டணம் ஏறும். ஜனவரி நடுவில் வெங்கனில் லௌபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். அந்த வாரத்தில் அந்தச் சிற்றூரில் அறை கிடைப்பது கடினம். பிப்ரவரியில் பள்ளி விடுமுறைகள் வரும். லூசர்னில் ஃபாஸ்நாக்ட் திருவிழா, கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்கு வெடியோசையோடு தொடங்கும். முகமூடிகளும் பித்தளை வாத்தியங்களும் தெருவை நிறைக்கும் அந்த நாள்களைப் பார்க்கவே போவதானால் பல மாதங்கள் முன்பே அறை எடுத்துவிடுங்கள்.

பகல் குறுகியது. டிசம்பர் கடைசியில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். ஒரு நாளில் இரண்டு மலை என்று திட்டமிடாதீர்கள்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். அதுவரை காத்திருப்பது ஆபத்து. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பனிச்சறுக்கோ சறுக்குவண்டியோ முயல்வதாக இருந்தால் அந்தக் காப்பீடு அதற்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த அட்டை வாங்குவது

வெளிநாட்டவருக்கான ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என ஐந்து அளவுகளில் கிடைக்கிறது. ரயில், பஸ், டிராம், ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. லூசர்ன் அருகிலுள்ள ரிகி மலை முழுவதும் அதில் அடங்கும். வெங்கன், மூரன், கிரின்டெல்வால்டு ஆகிய மலையூர்கள் வரையிலும் தனிச் செலவில்லை. பெரும்பாலான பிற மலைகளுக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக் ஏறுவதற்கு மட்டும் தள்ளுபடி கால் பங்குதான்.

இன்னொன்று ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக் உட்பட. ஒரே ஊரில் தங்கி விலை கூடிய இரண்டு மூன்று மலைகள் மட்டும் ஏறுகிறவர்களுக்கு இது லாபம். இந்த எட்டு நாள் பயணத்தில் தினமும் வண்டி ஏறுவோம், நினைத்தபோது திட்டத்தை மாற்றுவோம். ஆகவே எட்டு நாள் பாஸையே சொல்வேன். ஒவ்வொரு முறையும் டிக்கெட் விலையைக் கணக்கிட வேண்டியிருந்தால் மனம் மலைக்குப் போகாது, பர்ஸுக்குள் போய்விடும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசம். பாஸ் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டியும் உடையும்

ஒரே தடித்த கோட்டை நம்பாதீர்கள். உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்கு வேண்டும். ரயிலுக்குள் சூடு இதமாக இருக்கும். ஏறியதும் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். வியர்த்த உடலோடு இறங்கினால் குளிர் எலும்பைப் பிடிக்கும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, பனியில் அவை வேண்டாம்.

காலணிதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீர் புகாதது, அடிப்பகுதியில் ஆழமான பிடிமானம் உள்ளது. மிதிபட்டு உறைந்த பனியில் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் ரப்பர் முள்பட்டைகள் கிடைக்கும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அவற்றைக் கட்டாயம் வாங்குங்கள். வெயில் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கோடைக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே மதியத்தில் முகத்தைச் சுட்டுவிடும்.

பெட்டி ஒருவர் ஒரு கையால் தூக்கும் அளவில் இருக்கட்டும். மலை ரயில்களில் மாறி ஏறச் சில நிமிடங்களே கிடைக்கும்.

நிலையத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியைத் தொலைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நடைமேடை, எங்கே மாறுவது, தாமதமா என்பதெல்லாம் அதிலேயே வரும். நடைமேடைகளில் ஏ, பி, சி, டி என்று பகுதி எழுத்துகள் தொங்கும். உங்கள் வகுப்புப் பெட்டி எந்த எழுத்துக்கு எதிரே நிற்கும் என்பதைப் பலகையில் பார்த்து முன்பே அங்கே நில்லுங்கள். டிக்கெட் சரிபார்க்கும் வாயில்கள் கிடையாது. வண்டிக்குள் பரிசோதகர் வருவார். டிக்கெட்டோ பாஸோ இல்லாமல் ஏறினால் அபராதம்தான்.

நிலையக் கடிகாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944இல் வடிவமைத்தது அது. சிவப்பு விநாடி முள் ஒரு சுற்றைச் சுமார் 58 விநாடிகளில் முடித்துவிட்டு உச்சியில் நின்று காத்திருக்கும். நிமிட முள் துள்ளியதும் மறுபடி நகரும். கதவுகள் அந்தத் துள்ளலுக்குச் சற்று முன்பே மூடிவிடும்.

லூசர்ன்: இரண்டு இரவு

சூரிக் விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிலையம். அங்கிருந்து லூசர்னுக்கு நேரடி வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஏரி. எதிரே தனியாக நிற்கும் கல்வளைவு, 1971இல் தீப்பிடித்து அழிந்த பழைய நிலையத்தின் முகப்பு. இரண்டு நிமிட நடையில் 14ஆம் நூற்றாண்டு மரப்பாலமான காபெல்புரூக்கே. அதன் பெரும்பகுதியும் 1993 ஆகஸ்டில் எரிந்துபோயிற்று. கூரையின் கீழிருந்த பழைய ஓவியங்களில் பலவும் கருகின. மறு ஆண்டே பாலத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். எரிந்த ஓவியச் சட்டங்கள் சில இன்னும் அப்படியே இருக்கின்றன, அண்ணாந்து பாருங்கள்.

மூடுபனி நாள் வாய்த்தால் ரிகிக்குக் கிளம்புங்கள். லூசர்ன் படகுத்துறையிலிருந்து விட்ஸ்னாவ் வரை சுமார் ஒரு மணி நேரப் படகு. சாம்பல் நீர், கரையே தெரியாத அமைதி, கையில் சூடான கோப்பை. விட்ஸ்னாவில் படகுத்துறைக்கு எதிரிலேயே சிவப்பு ரயில் நிற்கும். 1871 மே மாதம் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். தண்டவாளங்களுக்கு நடுவே ஏணிபோல ஒரு பல்தண்டு; வண்டியின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும். இதை அமைத்த நிக்லாஸ் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்தவர் ரோமன் ஆப்ட். அவர் பிறகு உருவாக்கிய பல்தண்டு முறையில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நம் நீலகிரி ரயில் ஓடுகிறது. அதன் பழைய நீராவி இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு ரிகியில் அந்தக் கடகடப்பு காதுக்குப் பழகியதாகவே இருக்கும்.

உச்சி 1,798 மீட்டர். இறங்கும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டாவுக்கு இறங்கி, அங்கிருந்து லூசர்னுக்கு ரயில் பிடியுங்கள். வந்த வழி திரும்பாத முழு வட்டம், அத்தனையும் பாஸுக்குள்.

பக்கத்து மலையான பிலாட்டஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. உலகின் மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில் என்று கேள்விப்பட்டு அல்ப்னாக்ஷ்டாட் நிலையத்துக்குப் போய் ஏமாறாதீர்கள். அந்த ரயில் பனிக்காலத்தில் ஓடாது. அப்போது கிரீன்ஸ் பக்கத்திலிருந்து ரோப் காரில்தான் ஏற வேண்டும்.

உச்சியும் வெள்ளை, ஏரியும் வெள்ளை என்றால் ஏரிக்கரையில் உள்ள சுவிஸ் போக்குவரத்து அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு ஒரு முழுநாள்.

புரூனிக் கணவாய்: வலப்பக்கம் உட்காருங்கள்

லூசர்னிலிருந்து இன்டர்லாக்கன் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பணத்துக்கு மிஞ்சிய அழகு இதுதான்; இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. லூசர்னில் ஏறும்போது வண்டி போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சார்னன் ஏரியும் லுங்கர்ன் ஏரியும் அந்தப் பக்கம் வரும். கிஸ்வில் தாண்டியதும் பல்தண்டைப் பற்றி வண்டி மெதுவாக ஏறத் தொடங்கும். ஊர் கீழே இறங்கிக்கொண்டே போகும், மரங்களில் பனி கனக்கும். கணவாய் நிலையத்தின் உயரம் 1,002 மீட்டர்; பல நாள்களில் மூடுபனியைக் கிழித்து வெயிலுக்கு வருவது இங்கேதான்.

மைரிங்கனில் வண்டி திசை மாறிப் புறப்படும். பதறி இடம் மாற்றாதீர்கள். இப்போது உங்கள் இருக்கை இடப்பக்கமாகிவிட்டது. அடுத்து வரும் பிரியன்ஸ் ஏரியும் இடப்பக்கமே. முதுகு காட்டி உட்கார்ந்தபடி அந்தப் பச்சைநீல நீரை முழுவதும் பார்த்துக்கொண்டே போகலாம்.

வெங்கன்: மூன்று இரவு

பெரும்பாலான பயண ஏற்பாட்டாளர்கள் இன்டர்லாக்கனில் தங்கச் சொல்வார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே வசதியான ஊர்தான்; ஆனால் பனிக்காலத்தில் அது பள்ளத்தில் நிழலோடு கிடக்கும். ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில், மேற்குப் பார்த்த மலைத்தட்டில் இருக்கிறது வெங்கன். கார்களுக்கு அங்கே வழியில்லை. ரயிலில்தான் போக வேண்டும். இரவில் கேட்பது காலடியில் பனி நொறுங்கும் ஓசை மட்டும். மூன்று இரவையும் அங்கேயே செலவிடுங்கள். மூன்று காலை இருந்தால் ஒன்றாவது தெளிந்த வானமாக அமைய வாய்ப்பு அதிகம், அதற்காகவே மூன்று.

வழியில் கவனிக்க வேண்டிய ஓரிடம்: இன்டர்லாக்கனில் இரண்டு நிலையங்கள் உண்டு, இறங்க வேண்டியது கிழக்கு நிலையமான ஓஸ்ட். அங்கிருந்து கிளம்பும் மலை ரயில் ஸ்வைலூட்சினன் என்னும் இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லௌட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரின்டெல்வால்டுக்கும் போகும். பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறுங்கள். லௌட்டர்புருன்னனில் மாறும் முன் அரைமணி ஒதுக்கி, ஏறக்குறைய 300 மீட்டர் பாறையிலிருந்து விழும் ஷ்டௌபாக் அருவியைப் பாருங்கள். கடுங்குளிரில் அதன் ஓரங்கள் பனிக்கட்டித் தூண்களாக உறைந்திருக்கும்.

கேமராவில் உச்சி தெளிவாகத் தெரியும் காலையில் யுங்ஃப்ராவ்யோக் கிளம்புங்கள். இதுவே பயணத்தின் மிக விலை கூடிய டிக்கெட். பனிக்காலத்தில் அன்று காலையிலேயே நிலையத்தில் வாங்கிக்கொள்ள முடியும். வெங்கனிலிருந்து கிளைனே ஷைடெக் வரை ஒரு ரயில், அங்கே மாறி மற்றொன்று. அடோல்ஃப் கயர்-செல்லர் என்ற தொழிலதிபர் 1896இல் தொடங்கிய வேலை இது; ஐகர் மலையின் உள்ளே குடைந்து, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1912 ஆகஸ்ட் 1 அன்று திறந்தது. நிலையத்தின் உயரம் 3,454 மீட்டர். மேலே ஆலெட்ச் பனியாறு இருபது கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து கிடக்கும்.

அங்கே மெல்ல நடங்கள். காற்றில் ஆக்சிஜன் குறைவு. படியேறினாலே தலை சுற்றும். தண்ணீர் குடியுங்கள், ஓடாதீர்கள். தலைவலி தொடர்ந்தால் அடுத்த வண்டியில் இறங்குவதே மருந்து. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஏற வேண்டும். இறங்கும்போது ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் மாறினால், 2020இல் திறந்த ரோப் காரில் கால்மணி நேரத்தில் கிரின்டெல்வால்டு வந்துவிடலாம். கீழிறங்கும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

மீதி நாள்களில் பனி நடைபாதைகளில் நடங்கள். இளஞ்சிவப்புப் பலகைகளும் கம்புகளும் காட்டும் பாதை நடப்பவர்களுக்கு உரியது. பனிச்சறுக்குத் தடத்தில் கால் வைக்காதீர்கள். மேலிருந்து வருபவரால் சட்டென்று நிற்க முடியாது.

மோன்ட்ரோ: இரண்டு இரவு

இன்டர்லாக்கனிலிருந்து மோன்ட்ரோவுக்கு கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ் சுமார் மூன்றேகால் மணி நேரம். பாதி வழி ஸ்டாண்டர்ட் கேஜ் தண்டவாளம், மீதி அதைவிடக் குறுகிய மீட்டர் கேஜ். முன்பெல்லாம் ஸ்வைசிம்மனில் இறங்கி மாற வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து ஓடும் இந்த வண்டி அங்கே மெதுவாக ஊர்ந்தபடியே தன் சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொள்கிறது. நாளுக்குச் சில வண்டிகள்தான். இதற்கு மட்டும் இருக்கை முன்பதிவு செய்வது நல்லது. கிடைக்காவிட்டால் ஷ்பீட்ஸிலும் ஸ்வைசிம்மனிலும் மாறிச் சாதாரண வண்டியில் போங்கள். பாதையும் மலையும் அதேதான். குஸ்டாட் தாண்டியதும் நிலையப் பலகைகள் ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு மாறும். கடைசி அரைமணியில் வண்டி வளைந்து வளைந்து இறங்க, ஜெனீவா ஏரி ஒரு வளைவில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமுமாகத் தெரியும். பனியிலிருந்து வந்த கண்ணுக்கு ஏரிக்கரையில் பனைவகை மரங்கள் வியப்பூட்டும்.

கரையோரமாக ஒரு மணி நேரத்துக்குள் நடந்தால் நீரில் நிற்கும் ஷியோன் கோட்டை. மறுநாள் லவோ திராட்சைத் தோட்டங்கள்: இலையுதிர்ந்த கொடிகள், மலைச்சரிவெங்கும் கல்வரப்புகள். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது.

சாப்பாடு

உணவகத்தில் இரண்டு வேளை சாப்பிட்டால் செலவு கையை மீறும். மிக்ரோ, கோப் கடைகளில் ரொட்டி, சூப், பழம், தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறன்று ஊருக்குள் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரும் தெருநீரூற்றும் குடிக்கத் தகுந்தவை. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு ரோஷ்டி, உருக்கிய பாலாடைக்கட்டி உணவுகளான ஃபொண்டு, ராக்லெட் உண்டு. ரோஷ்டியில் பன்றி இறைச்சித் துண்டு போடுவதுண்டு, கேட்டுவிடுங்கள். கிரூயேர் போன்ற பழைய முறைப் பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆனவை. கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். ஃபொண்டு சாப்பிடும்போது அங்குள்ளவர்கள் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை, வெள்ளை ஒயினோ சூடான தேநீரோதான்.

திரும்பும் நாள்

மோன்ட்ரோவிலிருந்து லொசான் வரை இடப்பக்கம் உட்காருங்கள், ஏரி அந்தப் பக்கம். லொசானிலிருந்து பெர்ன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விமானம் மாலையில் என்றால் பெர்ன் நிலையப் பெட்டகத்தில் சாமான்களை வைத்துவிட்டு, புறநகர் ரயிலில் ஐரோப்பாபிளாட்ஸ் போய்வாருங்கள். 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லம் அங்கே இருக்கிறது. ஒரே கட்டடத்தில் சைவக் கோயிலும், பள்ளிவாசலும், பௌத்த, கிறித்தவ வழிபாட்டு இடங்களும். 1980களிலிருந்து போரால் இலங்கையை விட்டு வந்து இந்நாட்டில் வேரூன்றிய தமிழர்களின் சைவநெறிக்கூடம் நடத்தும் கோயில் அது. பூசை தமிழில் நடக்கிறது. வழிபாட்டு நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலணியை வாசலில் கழற்ற வேண்டும் என்பதால் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும். பெர்னிலிருந்து சூரிக் விமான நிலையத்துக்கு நேரடி வண்டி உண்டு. பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி.